அறிவியலை மக்களிடம் எடுத்துச் சொல்லும் வேலை: கல்லூரிக் காலத்திலேயே பயிற்சி பெறுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"எனக்கு அறிவியல் ரொம்பப் பிடிக்கும். ஆனா நாள் பூரா லேப்ல இருக்கப் பிடிக்கல. எழுத வரும், பேச வரும். இதுக்கு ஏதாவது வேலை இருக்கா?" பி.எஸ்சி. படிக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

இருக்கிறது. அறிவியல் மையங்கள், கோளரங்கங்கள், ஆய்வு நிறுவனங்களின் தகவல் தொடர்புப் பிரிவு, நாளிதழ்களின் அறிவியல், சுற்றுச்சூழல் பக்கங்கள், சமுதாய வானொலி, சிறுவர் அறிவியல் இதழ்கள், வீடியோ தயாரிப்பு என்று பல இடங்களில் இந்த வேலை நடக்கிறது. ஆனால் எங்கே போனாலும் மதிப்பெண் பட்டியலைப் புரட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள்: "இதுவரைக்கும் என்ன செஞ்சிருக்கீங்க?" அதற்கான பதிலைப் படிக்கும்போதே சேர்த்துக்கொள்வது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் படிக்கும் மாணவரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் முதல் பயிற்சி, ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேசும் இடத்தில் இருக்கட்டும். எழுத்தும் வீடியோவும் அப்புறம் வரலாம். திரைக்குப் பின்னால் இருந்து தொடங்கும் மாணவர்கள் தங்களுக்குப் புரிந்ததை அழகாகச் சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். எதிரில் இருப்பவருக்கு எந்த இடத்தில் புரியாமல் போகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் இந்த வேலையில் தேறுகிறார்கள்.

முதல் படி: கேட்கப் போவதற்கு முன் கையில் ஒரு வேலை

அனுபவம் இருந்தால்தான் பயிற்சிக்கு எடுப்பார்கள், பயிற்சி கிடைத்தால்தான் அனுபவம் வரும் என்று மாணவர்கள் வருந்துவது நியாயம்தான். யாருடைய அனுமதியும் தேவைப்படாத ஒரு சிறு வேலையைச் செய்து முடித்தால் இந்த முடிச்சு அவிழும்.

நான் எல்லோருக்கும் கொடுக்கும் வேலை இது. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். உங்கள் கல்லூரியிலும் கொண்டாடுவார்கள். ராமன் விளைவு என்றால் என்ன என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு 300 சொற்களில் எழுதுங்கள். எளிதாகத் தெரியும். உட்கார்ந்தால் மூன்று இடங்களில் முட்டுவீர்கள்.

முதலாவது தேதி. அன்று ராமனின் பிறந்தநாள் என்று மேடையிலேயே பேசுபவர்கள் உண்டு. அவர் பிறந்தது நவம்பர் 7. பிப்ரவரி 28 என்பது 1928இல் அந்த விளைவைக் கண்டறிந்த நாள்; 1987 முதல் அதைக் கொண்டாடுகிறோம்.

இரண்டாவது கடல். "கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்பதை விளக்குவதுதான் ராமன் விளைவு" என்று பல இடங்களில் படிப்பீர்கள். 1921இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து அவர் யோசித்தது உண்மை. வானத்தின் பிரதிபலிப்புதான் அந்த நீலம் என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்றார். அந்தக் கேள்விதான் அவரை ஒளிச்சிதறல் ஆய்வுக்குள் இழுத்துப்போனது. ஆனால் ஏழு ஆண்டுகள் கழித்து அவர் கண்டது வேறொன்று. தவிர, நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதும் கடலின் நீலத்துக்கு முக்கியமான காரணம். ஆக, கதை உண்மை, அதை வைத்துச் சொல்லும் விளக்கம் தவறு. இந்தத் தொழிலில் நீங்கள் அதிகம் சந்திக்கப்போகும் பிழை இந்த வகைதான்.

மூன்றாவது, அந்த விளைவேதான். ஒரே நிறமுள்ள ஒளி ஒரு திரவத்தில் பட்டுச் சிதறும்போது பெரும்பாலும் அதே நிறத்தோடு வெளியே வருகிறது. ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகளில் ஒன்று மட்டும் மூலக்கூறோடு ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு நிறம் மாறி வருகிறது. நீலச் சட்டை போட்டுக்கொண்டு திருவிழாவுக்குள் போன ஒரு கோடிப் பேரில் ஒருவர் மட்டும் பச்சைச் சட்டையோடு வெளியே வருவதுபோல என்று ஒரு மாணவி எழுதினாள். நல்ல உவமை. "அந்தச் சட்டையை யார் மாத்துனது?" என்று ஒரு பிள்ளை கேட்டால் மூலக்கூறைப் பற்றிப் பேச அங்கேயே வாசல் திறக்கிறது.

எழுதியதும் நிஜமாகவே எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். நடுவில் "புரியுதா?" என்று கேட்காதீர்கள், புரியாவிட்டாலும் "புரியுது" என்றுதான் பதில் வரும். "இதை உன் தங்கச்சிக்கு எப்படிச் சொல்லுவே?" என்று கேளுங்கள். எங்கே திக்குகிறார்களோ, அங்கே பிழை உங்கள் எழுத்தில் இருக்கிறது. திருத்தி எழுதி, முதல் வடிவத்தையும் கடைசி வடிவத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி கேட்கும் கடிதத்தோடு இந்த இரண்டு தாள்களும் போகும்.

இரண்டாம் படி: இடமும் பருவமும்

இந்த வேலைக்குப் பருவம் உண்டு. அதைத் தெரிந்து வைத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். 1988இல் மாணவர்களே தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு அந்த நாட்களில் இரவெல்லாம் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நடந்து, முட்டைகளை எடுத்துவந்து பொரிப்பகத்தில் புதைக்கிறது. வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துப் போகிறார்கள். நடக்கத் தொடங்கும் முன் யாராவது ஒருவர் மணலில் நின்று ஆமைகளைப் பற்றிப் பேசுவார். அந்தப் பேச்சைக் கேட்கவாவது ஒருமுறை போங்கள் என்று நான் எல்லா மாணவர்களிடமும் கெஞ்சுகிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். அங்கே படம் போட்டுக் காட்டத் திரை கிடையாது, வெளிச்சமும் இருக்கக்கூடாது. எதிரில் ஐடி ஊழியர்கள், தூக்கம் கலைந்த குழந்தைகள், கல்லூரி நண்பர் கூட்டம், ஓய்வுபெற்றவர்கள் எல்லோரும் கலந்து நிற்பார்கள். ஒரு தாய் ஆமை சுமார் நூறு முட்டை இடும் என்று சொன்னால் "அடேயப்பா" என்பார்கள். அவற்றில் வெகுசிலவே வளர்ந்த ஆமையாகும் என்று அடுத்த வாக்கியத்தில் சொன்னால் அமைதியாகிவிடுவார்கள். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகமாகப் பொரியும் என்று சொல்லும்போது, பருவநிலை மாற்றம் என்ற பெரிய சொல் காலடி மணலுக்கு வந்துவிடும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் வெளிச்சமான திசையை நோக்கி ஊர்ந்துபோகும். ஒரு காலத்தில் கடலின் பக்கம்தான் வெளிச்சம், இன்று தெருவிளக்கின் பக்கம். இதைக் கேட்டதும் கைப்பேசியின் டார்ச்சைத் தானாக அணைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அணைக்கச் சொல்லவில்லை.

கடினமான கேள்வியும் அங்கேதான் வரும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. "மீனவங்கதானே காரணம்?" என்று ஒருவர் கேட்பார். ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி, விசைப்படகின் இழுவலைக்குள் மாட்டிக்கொண்டால் மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும் என்று சொல்ல வேண்டும். சிறு வள்ளத்தில் போகும் மீனவரையும் இழுவலைப் படகையும் ஒன்றாகப் பேசக்கூடாது என்பதையும், ஆமை தப்பிக்க வலையில் பொருத்தும் கருவிகள் இருப்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கரையிலேயே மீனவர்கள் வாழ்கிறார்கள், நீங்கள் பேசுவது அவர்கள் காதிலும் விழும். அறிவியலை மக்களிடம் பேசுவது என்றால் என்ன என்பதை எந்த வகுப்பறையும் இவ்வளவு சீக்கிரம் கற்றுத்தராது.

கடற்கரை இல்லாத ஊர்க்காரர்கள் வருந்த வேண்டாம். சென்னை கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கமும் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் இருக்கின்றன. திருச்சியில் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம். திருநெல்வேலியில் 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம். கோவையில் மண்டல அறிவியல் மையம். கொடைக்கானலில் 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகம். இங்கெல்லாம் பள்ளி விடுமுறையான மே மாதத்தில் கூட்டம் பெருகும், விளக்கிச் சொல்ல ஆள் பற்றாது. உங்களுக்கும் அப்போதுதான் செமஸ்டர் முடிந்திருக்கும். கடிதத்தை மட்டும் ஜனவரி, பிப்ரவரியிலேயே அனுப்பிவிட வேண்டும். ஏப்ரலில் கேட்டால் அரசு அலுவலகங்களில் கோப்பு நகர்வதற்குள் விடுமுறை முடிந்துவிடும்.

மாவட்டந்தோறும் ஆட்கள் இருக்கும் அமைப்பு என்றால் தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 1980இல் தொடங்கியது. 'துளிர்' என்ற சிறுவர் இதழை நடத்துகிறார்கள். 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காகத் தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளைச் சிறு குழுக்களாகச் சேர்த்து ஆய்வு செய்ய வைப்பவர்களும் இவர்களே. ஊர்க் குளத்து நீரையோ தெருவோரக் குப்பையையோ பற்றிப் பிள்ளைகள் ஆய்வு செய்யும்போது கூடவே இருந்து உதவினால், ஒரு கேள்வி எப்படி ஆய்வாக மாறுகிறது என்பதை நீங்களே திரும்பக் கற்றுக்கொள்வீர்கள்.

குரல் நன்றாக இருப்பவர்களுக்குச் சமுதாய வானொலி. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 2004இல் தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி. இன்று பல கல்லூரிகளில் நிலையம் உண்டு. பாம்பனில் கடல் ஓசை மீனவ மக்களுக்காகவே ஒலிபரப்பாகிறது. அலை உயரமும் காற்றின் வேகமும் அங்கே அன்றாடச் சோற்றுக்கான செய்தி. அறிவியல் நிகழ்ச்சி என்று தனியாகப் பெயர் வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

இணையத்தில் கிடைக்கும் பழைய பட்டியல்களை நம்பி விண்ணப்பிக்காதீர்கள். மத்திய அரசின் விஞ்ஞான் பிரசார் அமைப்பு 1989இல் தொடங்கி 2023இல் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் அதன் பெயர் பல பட்டியல்களில் அப்படியே கிடக்கிறது. இப்போது இயங்குகிறார்களா என்று போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: கடிதம்

பெரும்பாலான இடங்களில் இதற்கென்று அறிவிப்பு வராது. நீங்களாகத்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் ஒரு முறை நேரில் போய், பார்வையாளராக ஒரு மணி நேரம் நின்று கவனித்துவிட்டு வாருங்கள். அந்த ஒரு மணி நேரம் கடிதத்தில் தெரிய வேண்டும். இப்படி:

"மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். நான் அரசு கலைக் கல்லூரியில் இளநிலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன மாதம் உங்கள் மையத்துக்கு வந்திருந்தேன். ஊசல் இருக்கும் இடத்தில் பிள்ளைகள் ஆட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்கு ஓடினார்கள். 'கனமான குண்டும் லேசான குண்டும் ஏன் ஒரே மாதிரி ஆடுது?' என்று ஒரு சிறுவன் கேட்டபோது பக்கத்தில் பதில் சொல்ல யாரும் இல்லை. விடுமுறை நாட்களில் அந்த இடத்தில் நின்று இரண்டு நிமிடம் விளக்க விரும்புகிறேன். மே 5 முதல் 31 வரை வர முடியும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நான் எழுதிய கட்டுரையின் இரண்டு வடிவங்களை இணைத்துள்ளேன். தாங்கள் அனுமதித்தால் துறைத்தலைவரின் கடிதத்தோடு நேரில் வருகிறேன்."

இவ்வளவு போதும். "எனக்குச் சிறுவயது முதலே அறிவியலில் ஆர்வம்" என்ற வரியை எடுத்துவிடுங்கள், எல்லோரும் எழுதும் வரி அது. ஒரு வாரம் பதில் வரவில்லையென்றால் போன் செய்யுங்கள். இரண்டாவது முறையும் செய்யலாம், தப்பில்லை.

நான்காம் படி: பணமும் பாதுகாப்பும்

இதைப் பேசக் கூச்சப்பட வேண்டாம். தன்னார்வ இயக்கங்களில் உதவித்தொகை பொதுவாக இருக்காது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் என்றால் அது சரிதான். முழுநேரமாக ஒரு மாதம் வரச் சொல்லும் இடத்தில் பயணச் செலவும் மதியச் சாப்பாடுமாவது கேளுங்கள். லாபம் பார்க்கும் ஒரு நிறுவனம் மூன்று மாதம் சும்மா வேலை வாங்கினால், அங்கே போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். என் மாணவர் ஒருவர் அப்படி ஓர் இடத்தில் இரண்டு மாதம் வீடியோக்களுக்குத் தலைப்பு வைத்துக்கொண்டே இருந்தார். அறிவியல் எதையும் அவரிடம் யாரும் கேட்கவில்லை. அன்று நான் முன்னதாகவே விசாரித்திருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. சேரும் முன் "என்ன வேலை, யாரிடம் கற்றுக்கொள்வேன், என் பெயர் எங்கே வரும்?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

துறைத்தலைவரின் கடிதம், தடையில்லாச் சான்று, அடையாள அட்டை மூன்றும் தயாராக இருக்கட்டும். பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப்புக்கு கிரெடிட் இருக்கிறதா, எத்தனை மணி நேரம் என்று முன்பே கேட்டுவிட்டால் ஒரே உழைப்பு இரண்டுக்கும் ஆகும். இரவு நேர வேலை என்றால் யாரோடு போவது, எப்படித் திரும்புவது என்பதை வீட்டில் சொல்லிவிட்டு, குழுவின் பொறுப்பாளர் எண்ணையும் கொடுத்துவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகளோடு வேலை என்றால் பெற்றோர், ஆசிரியர் அனுமதி இல்லாமல் படம் எடுக்கவோ பகிரவோ கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

ஐந்தாம் படி: முதல் வாரம் பேசாமல் பாருங்கள்

ஒரு காட்சிப்பொருளின் பக்கத்தில் நில்லுங்கள். எத்தனை பேர் நிற்கிறார்கள், எவ்வளவு நேரம், முதலில் எதைத் தொடுகிறார்கள், என்ன கேட்கிறார்கள்? கேள்விகளை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். "ஈர்ப்பு விசை பற்றிக் கேட்டார்" என்று எழுதினால் பயனில்லை. "நிலாவுல நின்னு குதிச்சா திரும்பி வருவோமா?" என்று எழுதினால் அதுவே ஒரு நிகழ்ச்சியின் தொடக்கம். ஒரு மாதத்தில் இப்படி இருநூறு கேள்விகள் சேர்த்த மாணவியை எனக்குத் தெரியும். பிறகு வானொலிக்குத் தொடர் எழுதியபோது அந்த நோட்டைத் தவிர வேறெதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

ஆறாம் படி: சொல், எண், சரிபார்ப்பு

பேசத் தொடங்கியதும் வரும் முதல் குழப்பம் கலைச்சொல். தூய தமிழா, ஆங்கிலச் சொல்லா? மாணவர்கள் இதில் தேவைக்கு மேல் நேரம் செலவழிக்கிறார்கள். பாடநூலில் இருக்கும் சொல்லைப் பயன்படுத்துங்கள், பிள்ளைகளுக்கு அது பழக்கம். ஒளிச்சேர்க்கை, ஈர்ப்பு விசை, மரபணு எல்லாம் நன்றாக நிலைத்துவிட்டன. வைரஸை வைரஸ் என்றே சொல்லலாம். எந்தச் சொல்லானாலும் முதல் முறை வரும்போது அது என்ன செய்கிறது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அது போதும். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற மருத்துவர் தம் மாணவர்களோடு சேர்ந்து மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மாணவர்கள் செய்த வேலை அது என்பதை மறந்துவிடாதீர்கள்.

எண்களில்தான் உண்மையான ஆபத்து. ஒரு தடுப்பூசிக்கு 90 சதவீதத் திறன் என்றால், போட்டுக்கொண்ட நூறு பேரில் பத்துப் பேருக்கு நோய் வரும் என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. போடாத பத்தாயிரம் பேரில் 100 பேருக்கு நோய் வந்தால், போட்ட பத்தாயிரம் பேரில் 10 பேருக்கு வரும் என்பதே அதன் பொருள். இந்த ஒரு பிழை எத்தனை குடும்பங்களைத் தயங்க வைத்திருக்கும் என்று யோசித்தால் எனக்கு மனது கனக்கிறது. சதவீதம் வந்தால் "எதில் சதவீதம்?" என்று கேட்காமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

சரிபார்க்க எளிய வழி: நீங்கள் எழுதியதில் தகவல் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தின் அடியிலும் பென்சிலால் கோடு போடுங்கள். எங்கிருந்து தெரிந்தது என்று ஓரத்தில் எழுதுங்கள். எழுத முடியாத வரியை நீக்குங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கேட்டு எழுதிய வரிக்கும் இதே விதிதான். அது சொன்னது என்பது ஆதாரம் ஆகாது. ஆய்வாளரைப் பேட்டி எடுத்தால், அவர் சொன்னதை நீங்கள் புரிந்துகொண்டபடி அவரிடமே திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். "நான் இப்படிப் புரிஞ்சுக்கிட்டேன், சரியா மேடம்?" என்று கேட்டால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

பயிற்சி முடிந்தும் கையை விடாமல் இருக்கத் தமிழ் விக்கிப்பீடியா நல்ல இடம். 2003 முதல் இருக்கிறது, யாரும் எழுதலாம், தவறு செய்தால் யாராவது திருத்துவார்கள்.

ஏழாம் படி: முடித்து வரும்போது

"ஒரு மாதம் பயிற்சி பெற்றார், நடத்தை நன்று" என்ற சான்றிதழால் அதிகம் ஆகாது. நீங்களே ஒரு பக்கத்தில் செய்த வேலைகளை எழுதிக்கொண்டுபோய்க் கொடுங்கள்: எந்தக் காட்சிப்பொருள், எத்தனை நாள், எந்த வயதுப் பார்வையாளர்கள், எழுதிய விளக்கப் பலகைகள், தயாரித்த நிகழ்ச்சி. அதைச் சான்றில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பொறுப்பாளருக்கும் வேலை குறையும், மறுக்க மாட்டார்.

தொகுப்பில் ஐந்தே ஐந்து வேலைகள் வையுங்கள். ஒவ்வொன்றின் கீழும் மூன்று வரி: யாருக்காகச் செய்தது, எங்கே அவர்களுக்குப் புரியவில்லை, பிறகு என்ன மாற்றினீர்கள். நான் ஆள் தேர்வு செய்யும் அறையில் உட்கார்ந்தபோதெல்லாம் அந்த இரண்டாவது வரியைத்தான் முதலில் தேடியிருக்கிறேன்.

இது பிடித்துப்போய் மேலே படிக்க விரும்பினால், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இதழியலும் அறிவியல் தகவல் தொடர்பும் சேர்ந்த துறையே இருக்கிறது.

வந்த ஒரு வாரத்துக்குள் பொறுப்பாளருக்கு நன்றிக் கடிதம் எழுதுங்கள். நீங்கள் சேர்த்த கேள்விகளின் பிரதி ஒன்றையும் அதோடு வையுங்கள். அடுத்த மே மாதம் அதே ஊசலின் பக்கத்தில் நிற்கப்போகும் மாணவருக்கு அது முதல் நாளே கையில் கிடைக்கும்.